நாலு நிமிஷம் வசனம் கிடையாது

எங்கள் தெருவில் பேய் சிரித்தால்தான் உலையில் அரிசி போடுவோம். கடிகாரம் எல்லா வீட்டிலும் இருந்தது. ஆனால் அது நின்றுபோகும். பேய் நேரம் தவறாது. சாயங்கால ஆட்டம் ஆறரைக்கு. ஏழு இருபதுக்கு முதல் சிரிப்பு, அரிசி. ஏழே முக்காலுக்கு, "என் வளையல்களை எவளுக்குக் கொடுத்தீர்கள், அத்தான்?" என்று கேட்பாள், கஞ்சி வடிக்கலாம். ஆடித்தபசுத் திருவிழா முடியும்வரை சாதம் ஒரு நாளும் குழைந்ததில்லை.

நீங்கள் சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இசக்கிசெல்வி அம்மா. அதனால் முதலில் இருந்து சொல்கிறேன். இப்போது கல்யாண மண்டபமாக இருப்பது அப்போது தியேட்டர். அதன் பின்சுவரை ஒட்டி எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் சிவனாண்டி அங்கேதான் ஆபரேட்டர், படம் ஓட்டுகிறவர். பேரைச் சொன்னால் ஊரில் யாருக்கும் தெரியாது, ஆபரேட்டர் அண்ணாச்சி என்றால் தெரியும்.

படத்தின் பெயர் 'பதினேழாம் படி'. கறுப்பு வெள்ளை. ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் பத்து நாள் அதைத்தான் போடுவார்கள். பனவடலிசத்திரத்திலிருந்தும் குருவிகுளத்திலிருந்தும் சாமி பார்க்க வருகிற கூட்டம், அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேரே பேயைப் பார்க்க வரும். கதை சின்னதுதான். பங்களாக்காரன் ஒருவன் தன் பெண்டாட்டி மாலதியை மாடிப்படியிலிருந்து தள்ளிக் கொன்றுவிடுகிறான். அவள் அதே படியில் வந்து நின்று நியாயம் கேட்கிறாள். கடைசியில் அவன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அதற்கப்புறம் நாலு நிமிஷம் வசனம் கிடையாது. பாட்டு, மணி, காற்று எதுவுமே கிடையாது. பிறகு அவள் சொல்வாள்: "நான் வருகிறேன், அத்தான். விளக்கு எரியட்டும்." வணக்கம் போட்டுவிடுவார்கள்.

எனக்கு எந்தக் கதையும் காதுவழியாகத்தான் வரும். யார் என்ன சொன்னார்கள், அதற்கு இவர் என்ன சொன்னார், அவ்வளவுதான் எனக்குக் கதை. அடுப்படியில் இருந்தே அந்தப் படத்தின் வசனம் முழுவதும் பாடமாகிவிட்டது. அந்த நாலு நிமிஷம்தான் இடித்தது. பேச்சே இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். பதினோரு தடவை போனேன். பதினோரு தடவையும், பேச்சு நின்றதும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் மட்டும் இல்லை. பெண்கள் பக்கம் முழுக்க முந்தானைக்குள் போய்விடும். ஆண்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துத்தான் பீடி பற்றவைக்கக் குனிவார்கள். பக்கத்து வீட்டு மைமூனம்மாள் வெளியே வந்து, "அவ கொரவளையப் பிடிப்பா, நான் பாத்தேன்" என்றாள்.

"கண்ணத் தொறந்துக்கிட்டா பாத்தே?"

"தொறந்து பாத்தா உசுரோட வந்திருப்பனாட்டி?"

இந்தப் படம் ஏன் இத்தனை வருஷம் ஓடியது என்று இப்போது என்னென்னவோ சொல்லுகிறார்கள். இருட்டை அழகாக எடுத்திருக்கிறான் என்கிறார்கள். கலர் படத்தில் ரத்தம் காட்டினால் அது குங்குமத் தண்ணீர். கறுப்பு வெள்ளையில் நம் ரத்தத்தை நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும், அது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. போன வருஷம் கண்ணை மூடியவர்கள் இந்த வருஷமாவது பார்த்துவிடலாம் என்று வந்தார்கள். வந்து மறுபடி மூடிக்கொண்டார்கள்.

இந்த ஊரில் அந்த நாலு நிமிஷமும் கண்ணைத் திறந்திருந்த ஒரே ஆள் என் வீட்டுக்காரர். ரீல் மாற்றுகிறவர் கண்ணை மூட முடியாது. கல்யாணமான வருஷத்திலிருந்து அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இட்லி அவித்துப் போட்டுக் கேட்டேன், போடாமலும் கேட்டேன். ஒரே பதில்தான்.

"சொல்ல மாட்டேன்ட்டி. சொன்னா நீ அப்புறம் சோறே திங்க மாட்டே."

சோறு இறங்காத அளவுக்கு அங்கே என்ன இருக்கும்? யோசித்து யோசித்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். செத்தவர் தலைமாட்டில்தான் நம் பக்கம் விளக்கு ஏற்றி வைப்போம். அவள் "விளக்கு எரியட்டும்" என்கிறாள். அப்படியென்றால் அவன் செத்துவிட்டான். எப்படிச் செத்தான்? அவளை எப்படிக் கொன்றானோ அப்படித்தான். மேல்படியில் நிறுத்தி, நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு. ஐம்பது வருஷமாக அந்தக் காட்சியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். நன்றாகவே ஓடியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது. புளியங்குடிக்கு என்று பஸ் ஏறி, தென்காசியில் இறங்கி நின்றார். பிறகு வீட்டிலேயே இருந்தார். என்னைப் பார்த்து, "நீங்க யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். பூமாரி என்கிற என் பெயர் போனது, எங்கள் மகள் பெயர் போனது. அதெல்லாம் போகட்டும் என்றுதான் இருந்தேன். அந்த நாலு நிமிஷமும் போய்விடுமே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படத்தின் பிரிண்டு தியேட்டர் மூடும்போதே நைந்துவிட்டது. எந்தச் சேனலிலும் வந்ததில்லை. மிச்சம் இருந்தது அவர் தலைக்குள் மட்டும்தான்.

டாக்டர் சொன்னார், பழக்கமான பாட்டு, பேச்சு எதையாவது போட்டுக் காட்டினால் சில நேரம் ஞாபகம் திரும்பும் என்று. நான் அதைத்தான் செய்தேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் இரண்டரை மணி, மேட்னி நேரம். கரண்டு இல்லை. மோர் மிளகாய் காயப்போட்டிருந்ததைப் பார்க்கிறேன் என்று மொட்டை மாடிக்குப் போனவர், இறங்கி வரப் படி உச்சிக்கு வந்தார். எங்கள் வீட்டில் பதினாலு படிதான். அட்ஜஸ்ட் செய்துகொண்டேன். வெள்ளைச் சேலை என்னிடம் இல்லை, அவருடைய எட்டு முழ வேட்டியைச் சுற்றியிருந்தேன். முகத்துக்குப் பவுடர். தலையை விரித்துக்கொண்டேன், இருப்பது கொஞ்சம்தான், அதையும் விரித்தேன்.

"என்னைத் தெரிகிறதா, அத்தான்?" என்றேன்.

அவர் நின்றார். ஒரு நொடிகூட ஆகவில்லை. "நீயா? நீதான் இறந்துவிட்டாயே, மாலதி!" என்றார். குரல் அப்படியே அந்தப் பங்களாக்காரன் குரல். என் பெயர் மறந்தவருக்கு அவள் பெயர் ஞாபகம் இருந்தது. சரி, படம் அப்படித்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலே ஏறிக்கொண்டே ஒவ்வொரு வசனமாகச் சொன்னேன். அவரும் சொன்னார், ஒரு சொல் பிசகவில்லை. வளையல் வசனம் வந்தது. சாவிக்கொத்து வசனமும் வந்தது. கடைசியில் அவர், "ஆம், நான்தான். என் கையால்தான்" என்று ஒப்புக்கொண்டார். நான் மேல்படிக்குப் போய் அவரைத் தாண்டி நின்றேன், அவர் படிக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பினார். பேச்சு நின்றது.

அவர் ஒன்றும் செய்யாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் மெதுவாகக் கேட்டேன், "ஏங்க, இனி என்ன?"

அவர் சிரித்தார். பழைய சிரிப்பு.

"ஒண்ணும் இல்ல பூமாரி. அதுல ஒண்ணுமே கிடையாதுட்டி."

இத்தனை வருஷம் காக்கவைத்துவிட்டு, கடைசியிலும் கேலிதான். இன்னொரு தடவை கேட்டேன். "ஒண்ணுமே இல்லங்கேன்" என்று மறுபடி சிரித்தார். அவருக்கு மறந்துவிட்டது, நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள், அம்மா. எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல்தான் எழுத வேண்டியது இருக்கிறது.

நெஞ்சில் கைவைத்தேன். மெலிந்த ஆள், பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை. கீழே விழுந்த பிறகும் கண் திறந்திருந்தது. வாயசைந்தது, சத்தம் வரவில்லை. மைமூனம்மாளைக் கூப்பிட்டிருந்தால் சுவர் தாண்டிக் கேட்டிருக்கும், அவள் மருமகள் ரசீதா ஓடி வந்திருப்பாள். ஆனால் படத்தில் அந்த இடத்தில் யாரும் பேசமாட்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மேல்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு நிமிஷம். பிறகு அவள் வசனத்தைச் சொன்னேன், வேட்டியை மடித்து வைத்தேன், முகம் கழுவினேன், மைமூனம்மாளைக் கூப்பிட்டேன். ஞாபகம் இல்லாதவர், தவறி விழுந்துவிட்டார் என்று அவர்களே சொன்னார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் ரசீதா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "பெரியம்மா, ஒங்க பேய்ப் படத்த யாரோ நெட்ல போட்டிருக்காவ" என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தோம். பேச்சு நின்றதும் மைமூனம்மாள் முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், அந்தச் சின்னப் போனுக்கே. நான் மூடவில்லை.

மாலதி அவனைத் தொடக்கூட இல்லை. அவன் படியில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுகிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருட்டுகிறது. அவனுக்கு இருட்டு பயம். எழுந்து போய் ஒரு விளக்கை ஏற்றி அவன் பக்கத்தில் வைக்கிறாள். அவ்வளவுதான். அதற்கு நாலு நிமிஷம்.

ரசீதா, "இதுல ஒண்ணுமே இல்லியே பெரியம்மா" என்றாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் இன்று காலையில் நான் இந்த ஸ்டேஷனுக்குப் புகார் கொடுக்க வந்தேன். அந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். கேட்டதால் இவ்வளவும் சொன்னேன். அவரைத் தள்ளியது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் படத்தில் அந்த நாலு நிமிஷத்தை மாற்றியது யார் என்பதை மட்டும் நீங்கள்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும்.