இரண்டு காதிலும் மகன் குரல்

நீடாமங்கலத்தில் நான் ஏறிய ரயிலில் எதிரே இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவருக்கு வலது காதுக்கு மேலே, முடிக்குள் வட்டமாக ஒரு கருவி ஒட்டியிருந்தது. இடது காதில் சாதாரணக் காது மிஷின்.

“எம் மவன் போன்ல பேசுனா ரெண்டு காதுலயும் ரெண்டு ஆளு மாதிரி இருக்கும் மொதல்ல,” என்றார் அவர்.

இளையவர் திரும்பினார். “எப்படிக்கா?”

“வலது பக்கம் ஆபரேஷன் பண்ணி வச்சது. வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா கேக்கும். ஆனா யாரு பேசுனாலும் ஒரே தகரக் குரல். இடது மிஷின்ல வார்த்தை புரியாது, குரல் மட்டும் வரும்.”

“அப்ப அத கழட்டிட வேண்டியதுதானே?”

“கழட்டித்தான் வச்சிருந்தேன். ரெண்டையும் சேத்துப் போடுங்க, பழகிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க. மொத ரெண்டு வாரம் ஒரே தலைவலி. அப்புறம் ஒருநா மவன் துபாய்லேர்ந்து கூப்ட்டான். ஸ்பீக்கர்ல போட்டேன். ‘நல்லா இருக்கேம்மா’ன்னான். வாரா வாரம் சொல்றதுதான். அன்னிக்கித்தான் வார்த்தையும் குரலும் ஒண்ணா சேந்து அவனா கேட்டுச்சு. அவன் நல்லா இல்லன்னு தெரிஞ்சுபோச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“கெளம்பி வந்துடுடான்னேன். அழுதுட்டான்.”

தஞ்சாவூரில் இளையவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“நீங்க இறங்கலையாக்கா?”

“திருச்சிக்குப் போறேம்மா. மத்தியானம் பிளேன் இறங்குது.”