அம்மாவின் முகத்தில் எழுதியது

ஆஷர்: ...அது கிடக்கட்டும், அந்தப் பூதக்கண்ணாடிய இங்க குடு.

கித்தல்: எதுக்கு? தள்ளி நின்னு பாரு அண்ணா. படம் தள்ளி நின்னு பாக்கத்தான்.

ஆஷர்: பாத்தாச்சு. அம்மாவேதான். அந்த இடது புருவம்... நம்ம மேல கோவம் வந்தா தூக்குவாளே, அப்படியே இருக்கு. கண்ணு கலங்கிடுச்சு கித்தல். இப்ப கிட்ட வந்து படிக்கணும்.

கித்தல்: படிக்க என்ன இருக்கு? கோடுன்னு ஒண்ணு இல்ல, முடி, மூக்கு, சுருக்கம் எல்லாமே பொடி எழுத்தாலயே வரைஞ்சது. கண்ணு வலிக்கும், விடு.

ஆஷர்: வலிக்கட்டும். அந்தப் பாட்டு எங்கேர்ந்து ஆரம்பிக்குது? நெத்தியிலயா?

கித்தல்: எந்தப் பாட்டு?

ஆஷர்: அப்பா வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில பாடுவாரே, நல்ல மனைவியப் புகழ்ந்து... அம்மா படம்னா நம்ம யூதருங்க எல்லாரும் அதைத்தான எழுதி வரைவாங்க? ஜெப ஆலய ஹால் கமிட்டியில அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன். அழைப்பிதழ்லயே போட்டாச்சு.

கித்தல்: என்னக் கேக்காமயேவா?

ஆஷர்: இதுல கேக்க என்ன இருக்... இரு. இது என்ன? முடியில... புயல்... கப்பல்... மாலுமிங்க எல்லாம் அவனவன் சாமியக் கூப்பிடுறான்... கித்தல்!

கித்தல்: ம்.

ஆஷர்: இது யோனாடி!

கித்தல்: யோனாதான். காபி போடட்டுமா?

ஆஷர்: காபியாவது மண்ணாவது! கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாம கப்பலேறி ஓடினவன் கதை. அத எங்கம்மா மூஞ்சில எழுதியிருக்க!

கித்தல்: உங்கம்மாவா? எனக்கு அவ பக்கத்து வீட்டுக்காரியா?

ஆஷர்: வெளயாடாத. ஞாயித்துக்கிழமை அம்மா நினைவு நாள். திரைய விலக்குறோம். மல்கா அத்தை முதல் வரிசையில உக்காருவா. சும்மா பாத்துட்டுப் போவான்னு நெனைக்கிறியா? மூக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்தெழுத்தாப் படிப்பா. மறுநாள் மாண்ட்ரியல் பூரா கேக்கும், ஃப்ரூமா மூஞ்சில எதுக்கு ஓடிப்போனவன் கதைன்னு.

கித்தல்: கேக்கட்டும்.

ஆஷர்: கேட்டா என்ன சொல்றது?

கித்தல்: அந்தப் பாட்ட அப்பா பாடும்போது அம்மா எங்க இருப்பா, ஞாபகம் இருக்கா? சமையல்கட்டுல, சூப் சட்டியோட. 'பாடி முடிச்சாச்சா, ஆறிப்போகுது'ன்னு அங்கேர்ந்தே கத்துவா. ஒரு தடவகூட உக்காந்து கேட்டதில்ல. அதப் போய் எழுதச் சொல்றியே... எனக்குக் கை வராது அண்ணா.

ஆஷர்: சரி, பிடிக்கல. வேதத்துலேர்ந்து ஒரு சங்கீதம் எழுதேன். மாமியார விட்டுப் போகாத ரூத் கதை எழுதேன். யோனா எதுக்கு?

கித்தல்: பெரிய உபவாசத்தன்னைக்குச் சாயங்காலம் ஜெப ஆலயத்துல யோனா படிப்பாங்கல்ல? மத்த பொம்பளைங்க எல்லாம் பசி மயக்கத்துல காத்து வாங்கப் போயிடுவாங்க. அம்மா மட்டும் மாடியில கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. கடைசி வரி வரைக்கும்.

ஆஷர்: அவளுக்குப் பக்தி.

கித்தல்: பக்தியா?

ஆஷர்: ...பக்திதான். நீ இத சுரண்டி எடு.

கித்தல்: முடியாது.

ஆஷர்: கன்னுக்குட்டித் தோல்தான? பிளேடு போட்டுச் சுரண்டினா மை வந்துடும். நீயே எத்தன தடவ செஞ்சிருக்க!

கித்தல்: வலது கண்ணப் பாரு. கருவிழிக்குக் கீழ.

ஆஷர்: இங்கயா?... ஐயோ. கடவுளோட பேரு. முழுசா எழுதிட்டியா?

கித்தல்: முழுசா.

ஆஷர்: படம் வரையிறவங்க யாருடி முழுசா எழுதுவா? ஒத்த எழுத்தப் போட்டுட்டுப் போயிடுவாங்க!

கித்தல்: மத்தவங்க போவாங்க. நான் ஒவ்வொரு தடவையும், 'இது அவர் பேருக்குன்னே எழுதுறேன்'னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் இறகுப் பேனாவத் தொட்டேன். கன்னத்துல இருக்கு, கழுத்துல இருக்கு. எழுதின பேர அழிக்கக் கூடாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?

ஆஷர்: நான் வந்து சுரண்டச் சொல்லுவேன்னு தெரிஞ்சே...

கித்தல்: தெரிஞ்சேதான். உன்ன எனக்குத் தெரியாதா?

ஆஷர்: ராட்சசி.

கித்தல்: இப்ப ரெண்டே வழி. ஒண்ணு, மாட்டணும். இல்லன்னா, கிழிஞ்ச ஜெபப் புத்தகத்தையெல்லாம் இடுகாட்டுல பொதைக்கிறோமே, அதுங்களோட இதையும் பொதைக்கணும். அம்மாவ இன்னொரு தடவ பொதைக்கிறியா? சொல்லு, மண்வெட்டி கொண்டுவரேன்.

ஆஷர்: வாயக் கழுவு!

கித்தல்: அப்ப மாட்டு.

ஆஷர்: உனக்குப் புரியாது கித்தல். சில விஷயம் உனக்குத் தெரியாது. அப்ப நீ தொட்டில்ல கெடந்த... வேணாம், விடு.

கித்தல்: எது? சித்திக்கு உடம்பு சரியில்லன்னு அம்மா டொராண்டோ போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தாளே, அதா?

ஆஷர்: ஆமா. சித்திக்கு ரொம்ப முடியல.

கித்தல்: சித்தி கல்லு மாதிரி இருந்தா. அம்மா டொராண்டோவுக்கே போகல. ஹாலிஃபாக்ஸ் போனா. துறைமுகத்துல, மீன் கம்பெனில மீன் வெட்டினா.

ஆஷர்: ...யார் சொன்னா?

கித்தல்: அம்மாதான். ஆஸ்பத்திரியில, கடைசியில. எந்தக் கப்பலாவது ஏறிடலாம்னு வேலை முடிஞ்சு தினம் கரையில போய் நிப்பாளாம். அப்புறம் ஏம்மா திரும்பி வந்தேன்னு கேட்டேன். சிரிச்சா. 'ஓடின யோனாவ ஒரு பெரிய மீன் முழுங்கி, கரையில கொண்டுவந்து துப்பிச்சு. என்ன யாரும் துப்பல. நானாத்தான் வந்தேன்'னா.

ஆஷர்: அப்படியா சொன்னா...

கித்தல்: அப்படியே சொன்னா. நல்ல மனைவின்னு ஆயிரம் பேருக்குப் பாடுற பாட்டு இருக்கு. நானா வந்தேன்னு சொல்ல அவ ஒருத்தியாலதான் முடியும். அழிக்க மாட்டேன், மாத்த மாட்டேன் அண்ணா. ஹால்ல இடம் இல்லன்னா தெருவுல மாட்டுவேன்.

ஆஷர்: தெருவுல வேணாம். ஞாயித்துக்கிழமை நானே மாட்டுறேன். அத்தை ஏதாவது கேட்டா என்கிட்ட அனுப்பு.

கித்தல்: என்ன திடீர்னு? இரு... உனக்கு முன்னாடியே தெரியுமா?

ஆஷர்: உன்னக் கைக்குழந்தையா விட்டுட்டு அம்மா போனான்னு நீ தெரிஞ்சுக்கக் கூடாது. அதுக்குத்தான் இத்தன வருஷமா வாயத் தொறக்கல.

கித்தல்: யார் சொன்னா உனக்கு? அப்பாவா?

ஆஷர்: அப்பாவுக்கு அவ எங்க போனான்னே தெரியாது. ஊருக்காக அவர் கட்டின கதைதான் டொராண்டோ. அன்னைக்கு விடியக்காலையில ஸ்டேஷன் வரைக்கும் அவ பெட்டியத் தூக்கிட்டு வந்தவனே நான்தான். ரயில்ல கால வெச்சவ இறங்கப் பாத்தா. நான்தான், 'நீ போம்மா, பாப்பாவ நான் பாத்துக்குறேன்'னேன்.