பிரியந்தியின் வலது கை

ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் மாலையில் காற்று நன்றாக வரும். அந்த ஜன்னலோரத்தில்தான் என் தங்கை பிரியந்திக்குக் கணினியை வைத்துக் கொடுத்தேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான்.

அவள் துப்பாக்கி விளையாட்டு ஆடுபவள். அதற்கென்று தினமும் பயிற்சி செய்வாள். திரையில் எங்காவது ஓர் உருண்டை தோன்றும்; மறைவதற்குள் மவுஸை நகர்த்திச் சுட வேண்டும். நானும் முயன்றிருக்கிறேன். என் கை உருண்டையைத் தேடிப் போகும். அவள் கை ஏற்கெனவே அங்கே இருக்கும்.

கோலாலம்பூரில், சம்பளம் கொடுத்து ஆடவைக்கும் ஒரு குழு அவளைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தது.

"செலக்ட் ஆனா அங்கயே தங்கிடலாம் அண்ணே. ரூம்லாம் அவங்களே குடுப்பாங்க," என்றாள்.

நான் என்ன செய்வேன் என்று அவள் கேட்கவில்லை. அதை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவள் குளிக்கப் போனபோது மவுஸின் வேகத்தைச் சற்றே கூட்டினேன். மவுஸுக்குள்ளேயே மாற்றும் வழி இருக்கிறது. விளையாட்டின் அமைப்புகளைத் திறந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. அடுத்த நாள் குறைத்தேன். பிறகு மறுபடி கூட்டினேன். கை ஒன்றுக்குப் பழகுவதற்குள் அது வேறாகிவிடும்.

உருண்டைகள் தப்ப ஆரம்பித்தன.

"என் கைக்கு என்னமோ ஆயிடுச்சு அண்ணே."

"பிராக்டிஸ் பத்தலம்மா," என்றேன்.

நம்பினாள். பார்த்துவந்த வேலையையும் விட்டுவிட்டுப் பயிற்சி செய்தாள். மணிக்கட்டு வீங்கியது. தைலம் தேய்த்துவிட்டேன். வலி மாத்திரை வாங்கி வந்தேன். சாப்பிட்ட பிறகுதான் கொடுப்பேன். வயிறு கெட்டுவிடக் கூடாது.

அவளோடு சேர்ந்து ஆடும் ஷாஹிரா ஒருநாள் வந்து அந்த மவுஸைப் பிடித்துப் பார்த்தாள். "இது ஒரு மாதிரியா ஓடுது லா. யாரோ கைவச்சிருக்காங்க பிரியா."

அவள் போன பிறகு தங்கையிடம் சொன்னேன்: "அவளும் அந்த டீமுக்குத்தானே டிரை பண்றா? நீ எழுந்து போறப்பல்லாம் அவதான் இங்க உக்காந்திருப்பா."

அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. ஷாஹிரா அழைத்தால் பிரியந்தி எடுப்பதை நிறுத்தினாள்.

தேர்வுக்கு முந்தைய நாட்களில் நான் மவுஸைத் தொடவில்லை. அவசியம் இருக்கவில்லை. தேர்வு ஆட்டத்தின் நடுவில் மவுஸ் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது.

நரம்பு நசுங்கியிருக்கிறது என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். "இவ்ளோ வலியோட ஆடியிருக்கீங்க. நிறுத்துன்னு யாரும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"எல்லாரும் சொன்னாங்க டாக்டர்," என்றாள் பிரியந்தி. "அண்ணன் மட்டும்தான் என்னால முடியும்னு நம்புனாரு."

நான் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

கட்டைவிரலில் இன்னும் உணர்வு வரவில்லை. தண்ணீர் போத்தல் மூடியைத் திறக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறாள். வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அந்தக் கையைக் கெடுத்தது நான்தான். ஆனால், தெரியாத ஊரில், தனியாக, இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன்.