மான் என்று எழுதிய மூன்று வரிகள்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, மறைந்த நம் அண்ணனின் குடும்பத்தாரே, அவரோடு மலையேறி முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்ட நம் தாவரச் சங்கத்துத் தோழர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பட்டம் வாங்கியவள் அல்ல. அடுப்படிக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே கிடைத்த நேரத்தில் செடிகளைக் கற்றுக்கொண்டவள். என்னை நம்பிச் சங்கத்தின் பதிவேட்டைக் கொடுத்தவர் யார்? நம் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், கழுத்தில் எப்போதும் லென்ஸ் தொங்கியதால் நம் எல்லோருக்கும் ‘லென்ஸ் அண்ணன்’. ஓர் இலையைப் பார்த்ததும் பெயர் சொல்லிவிடுகிறவரா அவர்? காம்பு, காய், விதை எல்லாம் பார்த்த பிறகும், “அவசரப்படாத தங்கச்சி. விலாசம் சரியா தெரியாம கடுதாசியப் போட்டுட்டு வரக்கூடாது” என்பார்.

மேட்டுக் காட்டில், ஓடைக்கு மேலே, அந்த வெள்ளைப் பூவைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மூன்று இலை, நடுவே தலைகுனிந்த ஒற்றைப் பூ. குளிரில் மண்ணுக்குள் ஒடுங்கி, ஒவ்வோர் ஆண்டும் அதே கிழங்கிலிருந்து எழும் செடி. இரண்டு இனங்களுக்குப் பூ ஒன்றுபோல இருக்கும். காய்தான் வேறு. ஒன்றுக்கு உருண்டை, மற்றதற்கு ஆறு விளிம்பு. நம் மலையில் இருந்தது அந்த ஒரே தண்டு. காய்க்காக அண்ணன் காத்திருந்தார். அடிவாரத்தில் குடியிருக்கும் நான் போய்ப் பார்த்துத் தகவல் சொல்ல வேண்டும்.

மூன்று ஆண்டும் பூ காணாமல் போனது. மூன்று முறையும் பதிவேட்டில் ‘மான் தின்றது’ என்று எழுதினேன்.

மான் தின்னவில்லை. நான்தான் கத்தரித்தேன்.

முதல் ஆண்டு, இதைக் கடவுளுக்கு வைக்காமல் வேறு யாருக்கு வைப்பது என்று நினைத்தேன். மறு ஆண்டு, மகளின் பிரசவத்துக்காக வேண்டிக்கொண்டேன். மூன்றாம் ஆண்டு, நிறுத்தினால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். பூ போனால் காய் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும்.

அண்ணன் கடைசியாக மேலே வந்தபோது, வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அறுபட்ட தண்டை லென்ஸில் நெடுநேரம் பார்த்தார்.

“இந்த மானுக்குப் பல்லு ரொம்ப கூர்மை, தங்கச்சி.”

“ஆமாண்ணே.”

“சுத்தி இவ்வளவு தழை கெடக்கு. அதுக்கு இதுதான் வேணுமாம். ருசி கண்ட மான்.”

சிரித்தார். நானும் கூசாமல் சிரித்தேன்.

இந்த உரைக்காக நேற்று பதிவேட்டைப் புரட்டினேன். பதினொரு ஆண்டுகள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே, சரிபார்த்து அண்ணன் போட்ட கையெழுத்து. அந்த மூன்று வரிகளுக்கு மட்டும் இல்லை. முதல் ஆண்டே அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமாவது சொன்னாரா? அண்ணியிடம் கேட்டேன்.

“ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. ‘அந்தச் செடி தங்கச்சி பொறுப்பு, அவ பாத்துக்குவா’ன்னுதான் சொல்லிட்டிருந்தாரு.”

அண்ணன் காயைப் பார்க்காமலே போய்விட்டார். அவரிடம் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை, அவர் இல்லாத கூட்டத்தில் கேட்கிறேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். அந்த மூன்று வரிகளையும் அடித்து, ‘நான் பறித்தேன்’ என்று எழுதிவிட்டேன். குளிர் விலகியதும் செடி எழும். காய் முற்றும்வரை காத்திருந்து, அது எந்த இனமோ அதைப் பதிவோம்.

ஒரே ஒரு வேண்டுகோள். பூ விரிகிற வாரத்தில் என்னைத் தனியாக மேலே அனுப்பாதீர்கள். உங்களில் யாராவது கூட வாருங்கள்.