ஏணியில் கட்டாத துணி

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஆடுகிறது, சாய்ந்தால் மண்டை உடையும் என்று உள்ளே வந்தவுடனே நினைத்தேன். சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லக்கூடாது என்று இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன், ஐயா. கண்ணைத்தான் பழக்க முடியவில்லை. எந்த அறைக்குள் போனாலும் எது அறுந்து விழும், எது வழுக்கும், வெளியேற வழி எங்கே என்றுதான் அது தேடுகிறது. துறைமுகத்தில் ஆட்களின் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவளுக்கு அதுதான் பிழைப்பு.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் கரை சேர்ந்ததும் சரக்கறையின் மூடியைத் திறப்பார்கள். ஆட்கள் இறங்குவதற்கு முன்னால், உள்ளேயிருக்கும் காற்று மூச்சுவிடத் தகுந்ததா என்று நான் பார்க்க வேண்டும். கெட்ட காற்றுப் பட்டால் கத்துகிற ஒரு சின்ன மீட்டரைக் கயிற்றில் கட்டி, கிணற்றில் வாளி விடுவதுபோல் அடிவரை இறக்குவேன். மரக்கட்டை ஏற்றி வரும் கப்பல்தான் பொல்லாதது. மூடிக்கிடக்கும் அறையில் பச்சைக் கட்டைகள் வழியெல்லாம் காற்றின் உயிரைக் குடித்துவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவன் பாதி ஏணியிலேயே கை நழுவி விழுவான். அவனைத் தூக்கப் போகிறவன் அவன்மேலேயே விழுவான். முதல் ஆள் தெரியாமல் சாகிறான், இரண்டாவது ஆள் பாசத்தால் சாகிறான் என்று புது ஆட்களுக்குப் பாடம் எடுத்ததே நான்தான்.

காற்று நன்றாக இருந்தால் ஏணியின் தலைப்படியில் பச்சை அட்டையை மாட்ட வேண்டும், அட்டை இல்லையென்றால் யாரும் இறங்கக்கூடாது என்பது விதி. எங்கள் ஆட்களுக்கு அது ஒத்துவரவில்லை. அட்டை காற்றில் பறந்துவிடும், நான் வேறொரு கப்பலில் இருப்பேன், அவர்கள் வெயிலில் சும்மா நிற்பார்கள். ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரிதான் வழி கண்டுபிடித்தார்.

"தங்கச்சி, கெட்ட காத்தா இருந்தா மட்டும் உன் சிவப்புத் துணியைக் கட்டிடு. துணி இல்லைன்னா இறங்கிக்கிறோம். நீ பார்க்காம விட்டுடவா போறே?"

தலையாட்டியது என் தப்பு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை எழுத உங்களிடம் இடம் இருக்காது. அன்றிலிருந்து என் மௌனத்தை நம்பி ஒரு கும்பலே ஏணி இறங்கியது. எனக்கு மூச்சம்மா என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் வருவது தெரிந்தால், "மூச்சம்மா வந்தாச்சு, எல்லாரும் ஒரு தடவை இழுத்து விட்டுக்கங்கடா" என்று யாராவது குரல் கொடுப்பான். நானும் சிரித்திருக்கிறேன். என் கணவர் இறந்தபோது சொந்தக்காரர்களுக்கு முன்னால் வாசலில் வந்து நின்றவர் மேஸ்திரி. "அண்ணன் இருக்கேன்ல" என்றார். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு அந்த இரும்புக் குழாய்ச் சரக்கு வந்தது. கிரேனில் சரக்கைத் தூக்குகிற கம்பி வடம் நைந்திருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மாற்றாமல் தூக்காதீர்கள் என்று கும்பல் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "இந்த ஒரு தூக்கு மட்டும் தங்கச்சி, அப்புறம் மாத்திடலாம்" என்றார். நான் மேலதிகாரியைக் கூட்டிவர ஓடினேன். திரும்பி வருவதற்குள் வடம் அறுந்து குழாய்கள் ஒருவன் கால்களின்மேல் கிடந்தன.

விசாரணையில் மேஸ்திரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தம்மா வந்து பார்த்தாங்க. எதுவும் சொல்லலை."

அடுத்தடுத்து வந்தவர்களும் அதையே சொன்னார்கள். பாடம் ஒப்பிப்பதுபோல், அதே வார்த்தையில். காலை இழந்தவன்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்றான். ஒரே ஒருவன்தான் மாற்றிச் சொன்னான். கப்பல் மேல்தளத்தில் சரக்கை இழுத்துத் தூக்கும் வின்ச் எந்திரத்தை ஓட்டுகிறவன். கழுத்து நீளம் என்பதால் ஒட்டகம் என்று கூப்பிடுவோம். "அக்கா சொன்னாங்க" என்றான். கீழே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்து மேஸ்திரியிடம் ஏன் என்று கேட்டேன். அவருக்குக் கோபமில்லை, வெட்கமும் இல்லை. சின்னக் குழந்தைக்கு விளக்குவதுபோல் விளக்கினார்.

"உனக்கு மாசச் சம்பளம். உன்னைத் திட்டுவாங்க, விட்டுடுவாங்க. எங்க பேரு கெட்டா நாளைக்கு எங்களை எவன் கப்பல்ல ஏத்துவான், தங்கச்சி? நீ எங்களுக்காக இதைத் தாங்க மாட்டியா?"

நியாயமான பேச்சு. நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. திட்டினார்கள், விட்டுவிட்டார்கள். காலை இழந்தவனின் அம்மா மட்டும் விடவில்லை. துறைமுக வாசலில் தினமும் நின்று, நான் உள்ளே போகும்போது என் வாயையே பார்ப்பாள். விசாரணை நடந்த அன்று மாலை ஒட்டகமும் அவன் மனைவியும் என் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "இவரு பேசினதே அதிசயம்க்கா, என்கிட்டயே நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு" என்றாள். அன்று நான் சிரித்த ஞாபகம்.

அந்த மரக்கட்டைக் கப்பலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். மூடி திறந்ததும் மீட்டரை இறக்கினேன். பாதி ஆழத்திலேயே அது கத்த ஆரம்பித்தது. பக்கத்துக் கப்பலில் சரக்கு இறக்கும் இரைச்சலில் என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. மேலே இழுத்து, கத்தலை நிறுத்தி, பைக்குள் வைத்தேன். துணி அதே பையில் இருந்தது. கை அதன்மேல் பட்டது.

கும்பலுக்கு முன்னால் மேஸ்திரிதான் எப்போதும் முதலில் இறங்குவார். சரக்கு எப்படி அடுக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார். அது அவர் பெருமை. ஏணியைப் பார்த்தார், துணி இல்லை. என்னைப் பார்த்தார்.

"சரிதானே, தங்கச்சி?"

நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் கோவம் தீரலை போல" என்று சிரித்துவிட்டு இறங்கினார். அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனசில் அப்போது என்ன இருந்தது என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். வெறி இல்லை. வீட்டைப் பெருக்கி முடித்ததும் வருமே, அப்படி ஒரு அமைதி. நான் எதுவும் சொல்லவில்லை என்று ஊரறியச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை ஒரு தடவை உண்மையாக்கினேன், அவ்வளவுதான்.

ஒட்டகம் வின்ச் மேடையிலிருந்து அவர் விழுந்ததைப் பார்த்துவிட்டான். குதித்து ஓடிவந்தான். "அக்கா, மேஸ்திரி வழுக்கிட்டாரு" என்றான். அவனும் ஏணியைப் பார்த்தான். துணி இருந்திருந்தால் காற்று என்று புரிந்திருக்கும். இல்லாததால் வழுக்கல் என்று நினைத்தான். ஏணியைப் பிடிக்கும்போது அவன் தோள் என்னை உரசியது. நிறுத்த நேரம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் போகாதே என்றால் எனக்கு முன்பே தெரியும் என்றாகிவிடும். மேஸ்திரியின் சாவு என் கணக்கு, அதை மறுக்க மாட்டேன். ஒட்டகத்தை நான் நினைக்கவே இல்லை. வின்ச் ஓட்டுகிறவன் மேடையை விட்டு வரக்கூடாது என்பதும் விதிதான்.

கம்பெனி வக்கீல் காலையில் வந்தார். மீட்டர் பழுது என்று ஒரு வரி சொன்னால் போதும், எல்லாருக்கும் நல்லது என்றார். மாட்டேன் என்றேன். அந்த மீட்டர் ஒருநாளும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னதில்லை.

இப்போது நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறொன்று கேட்கிறீர்கள்.

"ஒட்டகம் சம்சாரம் வெளிய பெஞ்சில உட்கார்ந்திருக்கும்மா. 'அக்கா போகாதேன்னு கத்தியிருப்பாங்க, இவருக்குத்தான் காதுல விழுந்திருக்காது'ன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கு. வாக்குமூலத்துல இதைச் சேர்க்க மாட்டேன். ஆமான்னு மட்டும் சொல்லுங்க, அதைச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிடறேன்."

உங்களுக்கு இளகிய மனசு. மெதுவாக எழுந்திருங்கள், நாற்காலியின் அந்தக் கால் ஆடுகிறது. ஆனால் நீங்கள் கேட்டது முடியாது, ஐயா. நடக்காததை நடந்தது என்று சொல்வதெல்லாம் மேஸ்திரிக்கும் அவர் ஆட்களுக்கும்தான் வரும். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததில்லை. அவள் புருஷனுக்காக அதை ஆரம்பிக்க மாட்டேன்.