காளியைப் பார்க்க பாப்பா வருவாளா?

ஹலோ... ஹலோ, சசி? நான்தான்... எந்த நானா? உன் புருஷன் நவநீதன்தான்!... ஆமா, ஆமா, காளி வேஷத்தோட வூட்டுக்குள்ள வந்தது என் தப்புதான். ஒத்துக்கறன்... மயானக் கொள்ளைத் திருவிழான்னாலே பாப்பா கட்டிலுக்கடியில பூந்துக்குறாளே, அப்பாதான் காளின்னு கிட்ட காட்டிட்டா பயம் தெளிஞ்சிடும்னு நினைச்சேன்... ம்... நல்லா தெளிஞ்சிடுச்சு. செருப்புகூட போடாம பக்கத்து வூட்டு ஜாஸ்மின் அக்காவோட பீரோ சந்துல போய் உக்காந்துக்கிட்டா...

ஆமா, அறிவில்லதான். எதுனா சாப்பிட்டாளா?... நானா? கோயிலுக்குப் பின்னால குழாயடியில. பாதி மூஞ்சி கழுவிட்டன். ஒரு கன்னம் காளி, ஒரு கன்னம் நான். ரெண்டுமே பார்க்கச் சகிக்கல...

சிரிக்காத சசி, கடுப்பாவுது! எல்லாப் புள்ளைங்களும் காளி சூறை இறைக்கறப்ப ஓடி ஓடி கொழுக்கட்டை பொறுக்குதுங்க. இவ மட்டும் நாளைக்கு, பயந்தாங்கொள்ளின்னு சொல்றாங்கன்னு பள்ளிக்கூடத்துலருந்து அழுதுக்கிட்டு வருவா. போன வருஷம் பார்த்தல்ல?...

சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. வருவாளா, மாட்டாளா?... பார்க்கலாம்னா? அதையேதான் ஜாஸ்மின் அக்காவும் சொன்னாங்க. பூசாரியைக் கேட்டா, ஆத்தா பார்த்துக்குவாங்கறார். இந்த வருஷம் ஆத்தாவே நான்தான்! என்கிட்டயே சொன்னா எப்படி?...

இரு, இரு... மாதையண்ணா, அஞ்சே நிமிஷங்கண்ணா, மூஞ்சியைத் திரும்பப் பூசிக்கிட்டு வந்துடறன்! அந்தப் பம்பை அடிக்கறதைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க!... உன்னை இல்ல சசி, எங்க வேஷக் கூட்டத்து வாத்தியார் அவசரப்படறார். போனை பாப்பாகிட்ட குடு... குடேன்...

பாப்பா? அப்பாடா கண்ணு... ம்... ம்... நாக்கைப் பார்த்தா பயந்த?... இல்லயா? சடை முடியா?... அதுவும் இல்லயா? அப்பறம் என்னதான்டா?...

கூப்பிட்டியா?... மூணு தரமா?... அப்பா பேசவே இல்லயா...

வேஷம் கட்டினா வாயைத் தெறக்கக் கூடாதுடா சாமி, எங்க கூட்டத்துல அப்படி ஒரு கட்டுப்பாடு... ம்... ஆமா, உனக்கெப்படித் தெரியும். நான்தான் சொல்லவே இல்லயே...

சரி, நீயே சொல்லு. வருவியா, மாட்டியா?... மாட்டியா... ம். சரி... என்னாது? மாடியில நின்னு பார்ப்பியா? ஜாஸ்மின் பெரியம்மா வூட்டு மாடியிலயா?... பாரு, பாரு! தெருவுல வரப்ப அப்பா சூலத்தைத் தூக்கிக் காட்டறன்... போதாதா?... பேர் சொல்லிக் கூப்பிடணுமா? அத்தனை பேர் முன்னாலயா?...

கூப்பிடலன்னா உள்ள போயிடுவியா...

கூப்பிடறன் கண்ணு. கத்தியே கூப்பிடறன். மாதையண்ணன் திட்டினா திட்டட்டும்... ஹலோ?... பாப்பா?... என்ன சசி, அதுக்குள்ள மாடிக்கு ஓடிட்டாளா?