ரசக் கரண்டியில் ஒரு சிவப்பு டேக்

அநியாயம் சார் இது, அநியாயம்! இருங்கோ இருங்கோ, கதவைச் சாத்திடாதீங்கோ... நீங்கதானே எதிர் வீட்டுக்குப் புதுசா வந்திருக்கறவர்? தினேஷ்... வாசல்ல பேர் பாத்தேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்லேருந்து இங்க ஹைதராபாத் லாலாகுடா ஒர்க்‌ஷாப்புக்கு மாத்தலா? ரொம்ப நல்லதாப் போச்சு. தமிழ்ல திட்டறதுக்கு ஒரு ஆள் கிடைச்சது. உங்களை இல்ல சார், உங்ககிட்ட!

இதைப் படிங்கோ. கதவுக் கைப்பிடியில தொங்கறதே, சிவப்பா, அதான். பெல் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சப்பறம்தான் நானே பாத்தேன். 'கருவி: அனந்தராமன். குறை: நெஞ்சில் ஈரமில்லை. முடிவு: ரிஜெக்ட்.' அனந்தராமன் நான்தான் சார். எழுதினது என் பொண்டாட்டி ரமா. இது அவ தம்பி ஜெயராம் வீடு. மூணு நாளா இங்கதான் இருக்கா, போனையும் எடுக்க மாட்டேங்கறா. அதுவும் என் டேக்லயே எழுதி என்னையே... சிரிக்காதீங்கோ சார். சரி, சிரிங்கோ. எனக்கே கொஞ்சம் சிரிப்பு வரது, அதான் பயமா இருக்கு.

பால் பாக்கெட் சொட்டறது, தெரியறது. ரெண்டே நிமிஷம்.

எல்லாம் என் பொண்ணு சாருவால வந்தது. சைக்காலஜி படிக்கறா. போன மாசம் ஞாயித்துக்கிழமை, காலண்டர் பின்னாடி மூணு டப்பா வரைஞ்சா. 'அப்பா, ஞாபகம்ங்கறது மூணு டப்பா.' முதல் டப்பால கண்ணு காது பிடிக்கறதெல்லாம் வரும், ஒரு விநாடியில ஆவியாயிடும். ரெண்டாவது டப்பா சின்னது, ஏழெட்டு சாமான்தான் கொள்ளும், அதுவும் அரை நிமிஷம். திருப்பித் திருப்பிச் சொல்லிண்டே இருந்தா மூணாவதுக்குப் போகும். அது பெரிய கோடவுன். ஆஹா சார்! அம்பத்தெட்டு வயசுல எனக்கு யாரும் இதைச் சொன்னதில்ல. மறுநாளே பையும் கையுமா, சீட்டு இல்லாம, ஏழே ஏழு சாமான் மனசுல வெச்சுண்டு கடைக்குப் போனேன். வழியில ஆட்டோக்காரன் ஹாரன் அடிச்சான். ஏழும் போச்சு. வெறும் பெருங்காயத்தோட திரும்பினேன்.

'அது பழைய மாடல்ப்பா'ங்கறா! அந்த ரெண்டாவது டப்பா, இப்ப டப்பாவே இல்லையாம். வேலை மேஜையாம். ஒரு சூப்பர்வைசர், அவனுக்குக் கீழ காதுக்கு ஒருத்தன், கண்ணுக்கு ஒருத்தன்... சார், அது அப்படியே எங்க செக்‌ஷன்! நான் பாலாநகர்ல, விமானத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் பண்ற ஃபாக்டரியில. என்ன வேலைன்னா... ஒரு மீட்டர் நூறு வோல்ட்னு காட்டினா, நெஜமாவே நூறுதானான்னு பாக்கற வேலை. சரியா இருந்தா பச்சை ஸ்டிக்கர், கையெழுத்து. தப்பா இருந்தா சிவப்பு டேக். இருபத்தொம்பது வருஷம் சார், பொய்யா ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டினதில்ல. ஒண்ணு கூட!

அதான் பாருங்கோ, அவ கடைசியாச் சொன்னதுல விழுந்தேன். அந்தக் கோடவுனும் கோடவுன் இல்லையாம். ஒரு ஞாபகத்தை ஒவ்வொரு தடவை எடுக்கறச்சயும் நாமே புதுசாக் கட்டறோமாம். ஓட்டை இருந்தா ஒட்டுப் போட்டு, அந்த ஒட்டோட திருப்பி வெக்கறோமாம். அடுத்த தடவை எடுத்தா ஒட்டுதான் ஒரிஜினல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. 'அப்போ மாஸ்டர் எதும்மா?'ன்னேன். எங்க மீட்டரை எல்லாம் ஒரு மாஸ்டர் மீட்டரை வெச்சுத்தானே சரி பாக்கறோம்? ஞாபகத்துக்கு மாஸ்டர் எது? 'நக்கோப்பா, இதை இதோட விடு'ன்னா. நக்கோன்னா இந்த ஊர் ஹிந்தியில 'வேண்டாம்'. இங்கயே பொறந்து வளர்ந்தது, முக்கியமானதை அதுலதான் சொல்லும். விட்டேனா?

வீட்டை கேலிபரேட் பண்ண, அதாவது மீட்டர் மாதிரி சரி பாக்க ஆரம்பிச்சேன்.

குக்கர் எந்த வருஷம் வாங்கினது? ரமா ஒரு வருஷம் சொன்னா, வாரன்ட்டி அட்டை அதையே சொல்லித்து, பச்சை. கல்யாண ஆல்பத்துல யார் யார் எங்க நின்னா, பாதி சரி பாதி தப்பு, மஞ்சள். அவளும் ஆரம்பத்துல சிரிச்சுண்டே விளையாடினா சார். 'உங்க வழுக்கை எந்த வருஷம்? ஒட்டுங்கோ ஸ்டிக்கரை'ன்னா. நன்னாத்தான் இருந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாம்...

ரமாகிட்ட ஒரு கதை உண்டு. தொண்ணூத்தாறு டிசம்பர் பதினாலு, சனிக்கிழமை. புதுசாக் கல்யாணம் ஆனவளை நான் சென்னைக்குப் போய் ஹைதராபாத்துக்குக் கூட்டிண்டு வரேன். காஜிபேட்டை தாண்டினதும் விடியக்காலைக் குளிர். புது ஊர், புது பாஷை, அவ சத்தமில்லாம அழறா. நான் என் சால்வையை எடுத்து அவ மேல போத்தி, 'ஊர் பிடிக்கலைன்னா சொல்லு, அடுத்த வண்டியில திரும்பிடலாம், நானும் வரேன்'னேனாம். அந்த ஒரு வார்த்தையிலதான் அவ இந்த ஊர்ல கால் ஊணினாளாம். வர்றவா போறவா எல்லார்கிட்டயும் சொல்லுவா. சால்வை காப்பிப்பொடி கலராம். கலர் உள்பட!

போன ஞாயித்துக்கிழமை சாருவோட சிநேகிதி பூர்ணா சாப்பிட வந்திருந்தா. ரமா ரசம் விட்டுண்டே அந்தக் கதையை எடுத்தா. எனக்குக் கை அரிச்சுது சார். ஏன்னா, எங்க ஹால்ல ஒரு சர்ட்டிஃபிகேட் மாட்டியிருக்கு. கம்பெனி குடுத்தது. தொண்ணூத்தாறு டிசம்பர் முழுக்க அனந்தராமன் ஒரு நாள் கூட லீவு போடலைன்னு, கண்ணாடி போட்டு. அந்தச் சனிக்கிழமை வேலை நாள்! பாலாநகர்ல வருகைக் கார்டு பஞ்ச் பண்ணின மனுஷன், அன்னிக்கு சாயந்திரம் சென்னையில எப்படி ரயில் ஏறுவான்?

எழுந்து போனேன். சர்ட்டிஃபிகேட்டைக் கழட்டிக் கொண்டு வந்து சாம்பார் பாத்திரத்துக்குப் பக்கத்துல வெச்சேன். 'ரமா, நீ வந்தது ஜெயராமோட. உன் மேல சால்வை போத்தினது உன் தம்பி. இதுதான் மாஸ்டர்'னேன். சொல்லிட்டு... அவ கையில இருந்த ரசக் கரண்டியில சிவப்பு டேக்கைக் கட்டினேன். அந்தப் பொண்ணு பூர்ணா முன்னாடி.

முடிச்சை நன்னா இறுக்கியே கட்டினேன் சார். ஜெயிச்சுட்டோம்னு ஒரு சந்தோஷம் வேற. எதுல ஜெயிச்சேன்? இருபத்தெட்டு வருஷமா ஒருத்தி ஒரு சால்வையை நம்பி எனக்குச் சமைச்சுப் போட்டிருக்கா. எனக்கு அதுல என்ன நஷ்டம்?

அவ அடுப்பை அணைச்சா, செருப்பை மாட்டினா, அந்தக் கரண்டியோடயே ஆட்டோ ஏறிட்டா. பூர்ணாவுக்கு ரசம் கூட விடலை. மூணு நாளா எங்காத்துல ரசம் இல்ல சார், கரண்டி இங்க இருக்கு!

இருங்கோ, கதை முடியலை. பால் கெடாது, பாத்துக்கலாம்.

இன்னிக்குக் காலமே, நான் சொன்னதை உறுதி பண்ணிக்கலாம்னு என் பழைய சிநேகிதன் சந்திரசேகரனுக்குப் போன் போட்டேன். அந்தக் காலத்துல ஃபாக்டரியில பக்கத்து பெஞ்ச். 'ஏண்டா, தொண்ணூத்தாறு டிசம்பர்ல நான் லீவே போடலை இல்லையா?'ன்னேன். அவன் சிரிச்ச சிரிப்பு இருக்கே சார்... இருமல் வந்து, தண்ணி குடிச்சுட்டு வந்து திரும்பச் சிரிச்சான். 'அடப்பாவி, அன்னிக்கு உன் கார்டையும் சேத்துப் பஞ்ச் பண்ணினது நான்தானேடா! பொண்டாட்டியைக் கூட்டிண்டு வரணும், புது வேலை, லீவு கேக்க பயமா இருக்குன்னு என் காலைப் பிடிச்சியே!'

போனை வெச்சுட்டு அந்த சர்ட்டிஃபிகேட்டை எடுத்துத் திரும்பப் படிச்சேன் சார்.

சர்ட்டிஃபிகேட்தான் பொய்! நான் பண்ணின பொய்! ஆபீஸ்ல மாட்டிக்கக் கூடாதுன்னு 'நான் லீவே போடலை, நான் லீவே போடலை'ன்னு வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லிச் சொல்லி, சாரு சொன்னாளே ஒட்டு, அந்த ஒட்டை நானே தடவித் தடவி, அதுக்குக் கண்ணாடியும் போட்டு மாட்டி, அது மேல கைவெச்சு அவளைப் பொய்னு சொல்லியிருக்கேன். மாஸ்டரே ரிஜெக்ட் சார்! குளிர், அழுகை, அடுத்த வண்டி, எல்லாம் நெஜம். நான் சொன்ன அந்த வார்த்தை... எனக்குத்தான் ஞாபகம் இல்ல. என் வாழ்க்கையில நான் பண்ணின ஒரே நல்ல காரியம், அது அவகிட்ட மட்டும்தான் இருந்திருக்கு. அதுக்குப் போய் டேக் கட்டினேன்.

உடனே பரண்ல ஏறினேன். டிரங்குப் பெட்டிக்கு அடியில இருந்தது சால்வை! இதோ, இந்தப் பையில. ரமா சொன்னதெல்லாம் சரி சார், ஆனா ஒண்ணே ஒண்ணு... பாருங்கோ. நீலம்! காப்பிப்பொடி இல்ல, கருநீலம்! கலர்ல மட்டும் ஒரு சின்னத் தப்பு. அதையும் அவகிட்ட காட்டிடணும்னு...

என்ன சார், எனக்குப் பின்னாடி பாக்கறேள்?

...ரமா!

எப்போ வந்தே? கீழ கறிகாய் வாங்கவா... படியிலேயே நிக்கறியா? எவ்வளவு நேரமா? 'என் காலைப் பிடிச்சியே'லேருந்தா? சரி. சரி, அப்போ நான் திரும்பச் சொல்ல வேண்டாம். கரண்டி... கரண்டி சௌக்கியமா?

என்ன? சால்வையா? ஆமா, கிடைச்சுது... கிடைச்சுதுன்னா, இருக்கு. எங்கயோ இருக்கு. என்ன கலர்னா கேக்கறே?

தினேஷ் சார், இந்தாங்கோ, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்கோ. திறக்காதீங்கோ. பாலோட சேத்து உள்ள கொண்டு போய் வெச்சுடுங்கோ. பரவால்ல, கதவைச் சாத்திக்கோங்கோ.

காப்பிப்பொடி கலர்தான் ரமா. சந்தேகமே வேண்டாம். சட்டைப் பையில பச்சை ஸ்டிக்கர் இருக்கு, பேனாவும் இருக்கு... கையைக் காட்டு, கையெழுத்துப் போட்டே ஒட்டறேன்.